களிமண் கொல்லை, மரநிழல்: எந்தச் செடி நிற்கும்?

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்துப் பழைய வீடுகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு கொல்லை இருக்கும். ஒரு மாமரம், நாலைந்து தென்னை, வேலியோரம் ஒரு வேம்பு. மரங்கள் வளர்ந்து கூடிவிட்டதால் தரையில் வெயில் விழாது. மண்ணோ களி. பங்குனியில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும், ஐப்பசியில் காலைப் பிடித்துக்கொண்டு விடாது. இப்படி ஒரு கொல்லை கைக்கு வந்ததும் பலரும் நர்சரிக்குப் போய்ப் பூத்துக் குலுங்கும் நாலு செடி வாங்கி வந்து நடுவார்கள். கார்த்திகை முடிவதற்குள் அவை மஞ்சளித்துச் செத்துவிடும். "நிழல்ல ஒண்ணும் வராது" என்று அந்த இடத்தில் சிமென்ட் பூசிவிடுவார்கள்.

எங்கள் கொல்லையிலும் முதல் வருஷம் செடிகள் அப்படித்தான் செத்தன. பிடுங்கிப் பார்த்தபோது வேரெல்லாம் கறுத்து, சாக்கடை நாற்றம் அடித்தது. நிழலால் வந்த சாவு அல்ல அது. ஒரு மாதம் வடியாமல் நின்ற தண்ணீரால் வந்தது. அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கும் வரிசையையே மாற்றிக்கொண்டேன்: முதலில் தண்ணீர், அடுத்து வெளிச்சம், அதன் பிறகுதான் செடி. இங்கேயும் அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள்

மேல்மண்ணைத் தள்ளிவிட்டு அரையடி ஆழத்திலிருந்து ஒரு பிடி மண் எடுங்கள். கல்லையும் வேரையும் நீக்கி, கொஞ்சம் தண்ணீர் தெளித்து, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா மாதிரி நீளமாகத் தள்ளுங்கள். ஓர் அங்குலம் வருவதற்குள் உடைந்து விழுந்தால் களி குறைவு. 2 அங்குலத்தைத் தாண்டியும் உடையாமல் தொங்கினால் அது கெட்டிக் களி. இரண்டுக்கும் இடைப்பட்டால் களி கலந்த வண்டல். அது கிடைத்தவர்களுக்கு வேலை பாதி மிச்சம்.

கெட்டிக் களி என்று தெரிந்தாலும் கவலைப்பட வேண்டாம். களியில் சத்துக்குப் பஞ்சமில்லை. அதன் துகள்கள் மிக நுண்ணியவை, தண்ணீரையும் சத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். குறை காற்றில்தான். துகள்களுக்கு இடையே உள்ள சின்னச் சின்ன இடைவெளிகள் தண்ணீரால் நிறைந்துவிட்டால் வேர் மூச்சு விட இடமில்லை. ஆகவே நாம் தேட வேண்டியது இரண்டு வகைச் செடிகளை: ஈரத்தில் வேர் மூச்சுத் திணறாதவை, அல்லது கொஞ்சம் உயர்த்தி நட்டால் பிழைத்துக்கொள்பவை.

தண்ணீர் எங்கே நிற்கிறது

ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழத்தில் குழி வெட்டித் தண்ணீர் நிரப்புங்கள். இங்கே புதியவர்கள் ஒரு தவறு செய்வார்கள். காய்ந்து வெடித்த களியில் முதல் குடம் தண்ணீர் மாயமாக மறைந்துவிடும். "நல்லா வடியுது" என்று நினைத்துவிடாதீர்கள், அது வெடிப்புகளுக்குள் போன தண்ணீர். மண் ஊறிப் பொருமி, வெடிப்பு மூடும்வரை இரண்டு மூன்று தடவை நிரப்பி வடிய விடுங்கள். அப்புறம் நிரப்பி, ஒரு குச்சியை நட்டு அளவு பாருங்கள். மணிக்கு ஓர் அங்குலம் இறங்கினால் பெரும்பாலான செடிகளுக்குப் போதும். அரை அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் அந்த இடம் பள்ளத்துச் செடிகளுக்கு மட்டும்தான்.

இதைவிட நல்ல சோதனை ஒன்று இருக்கிறது, ஆனால் ஒரு மழைக்காலம் காத்திருக்க வேண்டும். அடைமழை விட்ட மறுநாள் காலையில் கொல்லையைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் நிற்கும் இடங்களில் குச்சி நடுங்கள். மூன்றாம் நாளும் போய்ப் பாருங்கள். அப்போதும் நிற்கும் இடம் பள்ளம், ஈரமாக மட்டும் இருப்பது நடு, நடந்தால் கால் ஒட்டாத இடம் மேடு. ஒரு தாளில் கொல்லையை வரைந்து இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வாய்க்கால் கரையோர வீடு என்றால் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12 அன்று திறந்து, தண்ணீர் உங்கள் வாய்க்காலை எட்டியதும், மழையே இல்லாமலும் ஊற்றுத் தண்ணீர் கொல்லைக்குள் ஏறலாம். ஆடிப்பெருக்கு சமயத்தில் மண்ணைத் தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நிழலிலும் வகை உண்டு

காலை 9 மணி, நண்பகல், மாலை 3 மணி என்று மூன்று வேளையும் ஒரே இடத்தில் நின்று பாருங்கள். ஒரு வெள்ளைத் தாளைத் தரையில் வைத்து அதற்கு ஓர் அடி மேலே கையை நீட்டுங்கள். கையின் நிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் நல்ல வெளிச்சம். மங்கலாகக் கை என்று மட்டும் தெரிந்தால் இளநிழல், வேம்பின் அடியிலும் வயதான தென்னைகளின் நடுவிலும் இப்படித்தான் இருக்கும். நிழலே விழாவிட்டால் அடர்நிழல். மாமரத்தடி, பலாவடி, இரண்டு மதிலுக்கு நடுவே உள்ள சந்து எல்லாம் இதில் சேரும்.

தென்னைக்கு வயதுக் கணக்கும் உண்டு. ஏறக்குறைய 8 வயது முதல் 25 வயது வரை தோப்பில் நிழல் மிக அடர்த்தியாக இருக்கும். அதற்கு மேல் மரம் உயர்ந்துவிடுவதால் சாய்வெயில் உள்ளே வரும்.

வீட்டின் வடக்குச் சுவரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குளிர்நாட்டுத் தோட்டக் குறிப்புகளைப் படித்துவிட்டு "வடக்குப் பக்கம் எப்போதும் நிழல்" என்று நம்பிப் பலர் ஏமாறுகிறார்கள். தஞ்சாவூர் கிட்டத்தட்ட 10.8 பாகை வடக்கில் இருக்கிறது. சித்திரை முதல் வாரம் கடந்ததும் சூரியன் நம் தலைக்கு மேலிருந்து வடக்கே சாய்ந்துவிடும், ஆவணி முதல் வாரத்துக்குப் பிறகுதான் தெற்கே திரும்பும். அதாவது அக்னி நட்சத்திரம் முழுக்க உங்கள் வடக்குச் சுவர் வெயில் வாங்கும். மார்கழியில் பார்த்து நிழல் என்று முடிவு செய்து வைத்த செடி வைகாசியில் கருகும். வடக்குச் சுவரோரம் வைப்பதானால் இரண்டையும் தாங்கும் ஆடாதோடை, நொச்சி மாதிரிச் செடிகளையே வையுங்கள்.

பள்ளத்துக்கு

நம் ஊர்ச் செடி எது என்று தெரிய பெரிய படிப்பு வேண்டாம். வாய்க்கால் கரை, வயல் வரப்பு, பழைய வேலி, கோயில் நந்தவனத்து மூலை, யாரும் தண்ணீர் ஊற்றாத இந்த இடங்களில் தானாக நிற்பவற்றைப் பாருங்கள். அவற்றில் சில அயலூரிலிருந்து வந்து பரவியவை என்பதால் கொஞ்சம் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

தண்ணீர் நிற்கும் பள்ளத்துக்கு என் முதல் தேர்வு வல்லாரை. களிமண்ணும் ஈரமும் இளநிழலும்தான் அதற்குச் சொந்த வீடு. ஓடுகொடியின் ஒவ்வொரு கணுவிலும் வேர் விட்டுப் படரும். ஓரடி இடைவெளியில் வேர்க்கணுக்களை நட்டால் ஒரு மழைக்காலத்தில் தரையை மூடிவிடும். நிழல் அதிகமானால் காம்பு நீண்டு இலை பெரிதாகும், செடி சாகாது. கோடையில் தண்ணீர் கிடைக்காமல் காய்ந்து போனாலும் முதல் மழைக்கு மீண்டும் தலைகாட்டும். பறித்துச் சமைக்கப் போகிறீர்கள் என்றால் சோப்புத் தண்ணீர் ஓடும் இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

கிணற்றடி, அடுக்களைத் தண்ணீர் போகும் கால் ஆகியவற்றின் ஓரத்துக்கு சேம்பு. அகலமான இலை, அடர்நிழலிலும் பச்சை குன்றாது. கொஞ்சம் வெளிச்சம் உள்ள ஈரத்தில் நீர்ப்பிரமியும் பொடுதலையும் தரையோடு படரும். பொடுதலைப் பூவைத் தேடிச் சின்னச் சின்ன வண்ணத்துப்பூச்சிகள் வரும். அதிகம் மிதிபடாத நடைபாதை ஓரத்துக்கு அது புல்லைவிட நல்லது என்பேன். பள்ளத்தின் விளிம்பில், மேலே கொஞ்சம் திறந்திருந்தால், நொச்சி. ஆற்றங்கரைச் செடி, களிக்கு அஞ்சாது. ஒரு போத்தை ஒடித்து ஊன்றினால் போதும். நெல் குதிரில் பூச்சி அண்டாமல் இருக்க இதன் இலையைப் போடும் வழக்கம் இன்றும் சில வீடுகளில் இருக்கிறது.

நடுவுக்கு

கொல்லையின் பெரும்பகுதி இந்த வகையில்தான் வரும்: மழையில் தண்ணீர் நிற்கும், மூன்றாம் நாள் வடிந்து ஈரம் மட்டும் இருக்கும். இங்கே முதுகெலும்பு போல நிற்கக்கூடியது ஆடாதோடை. வெயில், இளநிழல், களி எல்லாவற்றையும் ஏற்றுக்கொள்ளும். ஆடும் மாடும் வாய் வைக்காது, அதனால்தான் வேலிக்கு வைத்தார்கள். வெள்ளைப் பூவின் உதடு போன்ற இதழில் கருவண்டு வந்து உட்காருவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். இரண்டரை அடிக்கு ஒரு போத்து வீதம் ஊன்றி, வருஷத்துக்கு ஒரு தடவை வெட்டிவிட்டால் அடர்ந்த மறைப்பாகிவிடும்.

அதற்கு முன்வரிசையில் நாகமல்லி. பறக்கும் கொக்கு மாதிரி சின்ன வெள்ளைப் பூ, மங்கிய இடத்தில் அந்த வெள்ளை எடுப்பாகத் தெரியும். சித்தரத்தை கொத்துக் கொத்தாகப் புதர் கட்டி, கெட்டியான மண்ணிலும் நிற்கும். நிலவேம்பை ஒரு தடவை விதைத்தால் போதும், பிறகு தானே விதை சிந்தி வருஷா வருஷம் இளநிழலில் முளைத்துக்கொண்டிருக்கும். தென் இந்தியாவும் இலங்கையும்தான் அதன் பிறப்பிடம்.

வேலியில் ஏற்றிவிட காட்டுமல்லி, தூதுவளை, கோவை மூன்றும் நல்லவை. சீந்திலையும் ஏற்றலாம், ஆனால் மரத்தின் தலை வரை போய் மூடிவிடும். வேம்பில் விட்டால் வருஷத்துக்கு ஒரு முறை இறக்கி வெட்டுவதற்கு ஆள் இருக்க வேண்டும்.

மேட்டுக்கு

மேடு இல்லாவிட்டால் உண்டாக்கிக்கொள்ளலாம், எப்படி என்று பின்னால் சொல்கிறேன். அழகான செடிகள் பலவும் இந்த இடத்தைத்தான் கேட்கின்றன.

கனகாம்பரத்தை நம்மில் பலர் வெளியூர்ச் செடி என்று நினைக்கிறோம். அது தென் இந்திய, இலங்கைக் காடுகளின் கீழ்நிழலில் பிறந்த செடி. அரை நாள் நிழலிலும் பூக்கும். காய்ந்த விதைக்காய் மேல் மழைத்துளி பட்டதும் வெடித்து விதையைத் தூரத் தெறிக்கும், அதனால் ஒரு செடி வைத்தால் அடுத்த வருஷம் சுற்றிலும் நாற்றுகள் இருக்கும். பூக்கடைக்காரர்கள் சொல்லும் டெல்லி கனகாம்பரம் விதை வைக்காது, அதைப் போத்து வைத்துத்தான் பெருக்க வேண்டும். எந்த வகையானாலும் வேரில் தண்ணீர் நின்றால் வாடிவிடும். முக்கால் அடியாவது உயர்ந்த பாத்தி வேண்டும்.

மருள் என்ற செடியைப் பலர் மறந்துவிட்டார்கள். இன்று வீட்டுக்கு வீடு ஸ்நேக் பிளான்ட் வாங்கி வைக்கிறார்களே, அது மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதன் உறவுக்காரச் செடியான மருள் நம் சோழமண்டலக் கரையோரப் புதர்க்காடுகளில், மரங்களின் அடியில் தானாக வளர்கிறது. பட்டையான, வரி போட்ட இலைகள். நார் எடுத்துக் கயிறு திரித்தார்கள். அடர்நிழலுக்கு நம் ஊரிலேயே இப்படி ஒரு செடி இருக்கும்போது வேறொன்றைத் தேட வேண்டியதில்லை.

செங்காந்தள் நம் மாநில மலர். வேலியில் இலை நுனியால் பற்றி ஏறிப் பூக்கும். கிழங்கு களியில் அழுகும் என்பதால் மேட்டில்தான் வைக்க வேண்டும். கிழங்கு, விதை, இலை எல்லாமே கடும் விஷம். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதைத் தவிர்ப்பதே சரி.

பொறுமை உள்ளவர்களுக்கு இரண்டு பெயர் சொல்கிறேன். ஒன்று குருந்து, காட்டு எலுமிச்சை என்றும் சொல்வார்கள். ஆவுடையார்கோயிலில் மாணிக்கவாசகர் குருந்த மரத்தடியில் உபதேசம் பெற்றதாகச் சொல்கிறோமே, அதே குருந்து. பெரிய மரங்களின் கீழே சிறு மரமாக நிற்கப் பழகியது. இன்னொன்று காயா. திருமாலைக் காயாம்பூ வண்ணன் என்று பாடும்போது சொல்லும் பூ இதுதான், காசான் என்றும் பெயர் உண்டு. கிளையை ஒட்டி நீலமாகப் பூத்துக் கிடக்கும். இரண்டும் மெல்லத்தான் வளரும், வடியாத களியில் நிற்காது. முதல் வருஷமே இவற்றைத் தொட வேண்டாம், மேட்டுப்பாத்தி செய்து கை பழகிய பிறகு வையுங்கள்.

அடர்நிழலில் பூவை எதிர்பார்க்காதீர்கள். மாமரத்துக்கு நேர் அடியில் தாளில் கை நிழலே விழவில்லையென்றால், அங்கே சேம்பு, மருள், பெரணி ஆகியவற்றின் பச்சையே போதும்.

வாங்கக் கூடாதவை

"நிழலுக்கு நல்லாப் படரும், மஞ்சப் பூ பூக்கும்" என்று எனக்கு ஒரு நர்சரியில் வெடீலியாவைக் கொடுத்தார்கள். அமெரிக்க வெப்பப் பகுதியிலிருந்து வந்த கொடி. நாலே மாதத்தில் தரையை மூடியது, வல்லாரையை விழுங்கியது, பிறகு வாய்க்காலுக்குள் இறங்கியது. பிடுங்க இரண்டு வருஷம் ஆயிற்று, ஒரு கணு மிஞ்சினாலும் மறுபடி கிளம்பும். மஞ்சள் பூத் தரைக்கொடி வேண்டுமானால் நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியை வையுங்கள். வித்தியாசம் இலையில் தெரியும்: வெடீலியா இலை மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், மஞ்சள் கரிசலாங்கண்ணி இலை பிரியாமல் நீண்டிருக்கும். உண்ணிச்செடியையும் உள்ளே விடாதீர்கள். மணி பிளான்ட் தொட்டியோடு இருக்கட்டும், தரையில் இறக்கினால் மரத்தில் ஏறி இலை முறம் அளவுக்குப் பெருகிவிடும்.

நாட்டுச் செடி வேண்டும் என்பதற்காகக் காட்டிலும் கோயில்காடுகளிலும் போய் வேரோடு பிடுங்காதீர்கள். விதையோ போத்தோ கேட்டு வாங்குங்கள். கிராமத்துச் சொந்தக்காரர் வேலியிலேயே பாதிச் செடிகள் கிடைத்துவிடும்.

மண்ணை ஆயத்தம் செய்வது

களியை இளக்க மணலைக் கொட்டச் சொல்வார்கள். செய்யாதீர்கள். மணல் துகள்களின் நடுவில் களி போய் அடைத்துக்கொண்டு, காய்ந்ததும் செங்கல் மாதிரி ஆகிவிடும். மண் உண்மையிலேயே மாற வேண்டுமானால் பாதிக்குப் பாதி மணல் வேண்டும், அது கட்டுப்படியாகாது. களிக்கு வேண்டியது மக்கு. மட்கிய தொழு உரம், மட்கிய சருகு, அரிசி ஆலை உமி. பச்சை உமியைத் தனியாகப் போட்டால் அது மட்கும்போது மண்ணின் தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், சாணத்தோடு கலந்து போடுங்கள்.

மண்வெட்டியை எடுக்கும் முன் பதம் பாருங்கள். ஒரு கைப்பிடி மண்ணை உருட்டித் தட்டினால் உதிர வேண்டும். பிசுபிசுவென்று ஒட்டினால் அன்றைக்கு வேலை வேண்டாம். ஈரக் களியை மிதித்து வெட்டினால் அது கட்டிதட்டி, ஒரு வருஷத்துக்குச் சரியாகாது.

மேட்டுப்பாத்தி போட, பள்ளமான பக்கத்தில் அரையடிக் கால் (சிறு வாய்க்கால்) வெட்டி அந்த மண்ணையே மேட்டில் போட்டு, மக்கோடு கலந்துவிடுங்கள். காலில் தண்ணீர் வடியும், பாத்தி உயரும், இரண்டு வேலையும் ஒன்றாக முடியும். ஆனால் மரத்தின் அடிமரத்தை ஒட்டி மண்ணைக் குவிக்காதீர்கள், பட்டை அழுகும். விரல் பருமனுக்கு மேற்பட்ட வேர் எதிர்ப்பட்டால் வெட்டாமல் குழியைத் தள்ளி வையுங்கள். தென்னையின் வேர் அடிமரத்தைச் சுற்றி 6 அடிக்குள் நெருக்கமாக இருக்கும், அதற்கு வெளியே நடுவது இரண்டுக்கும் நல்லது.

எப்போது, எப்படி நடுவது

மழை வந்ததும் நடலாம் என்று ஐப்பசிக்குக் காத்திருப்பது களிமண்ணில் தவறு. கடலோர டெல்டாவில் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடும். அப்போது நட்ட செடி வேர் பிடிக்கும் முன்பே மூழ்கும். ஆடியில், தவறினால் ஆவணியில் நடுங்கள். அடைமழைக்கு முன் இரண்டு மூன்று மாதம் வேர் ஓட நேரம் கிடைக்கும். கிழங்கு வகைகளுக்கும் மேட்டுச் செடிகளுக்கும் தை மாதமும் ஆகும், ஆனால் அந்தக் கோடை முழுக்க நீங்கள்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

குழி நாற்றுப் பையைப் போல இரண்டு மடங்கு அகலம், ஆழம் பை அளவுதான். கடப்பாரையால் வெட்டிய களிக்குழியின் பக்கங்கள் பாத்திரம் மாதிரி வழுவழுவென்று இருக்கும். அப்படியே விட்டால் வேர் வெளியே போகாமல் உள்ளேயே சுற்றும். பக்கங்களைக் கொத்திச் சொரசொரப்பாக்குங்கள். குழியை வாங்கி வந்த உரமண்ணால் நிரப்புவதும் கூடாது. சுற்றிலும் களி, நடுவில் பொலபொல மண் என்றால் மழைத் தண்ணீர் எல்லாம் அந்தக் குழியில் வந்து நிற்கும். எடுத்த மண்ணையே இரண்டு கைப்பிடி மக்கோடு கலந்து போடுங்கள். செடியின் கழுத்து, அதாவது தண்டும் வேரும் சேரும் இடம், தரையைவிட ஓர் அங்குலம் உயர்ந்து நிற்கட்டும்.

உடனே மூடாக்கு. மாஞ்சருகு, நறுக்கிய தென்னை மட்டை, எது கிடைத்தாலும் 3 அங்குலம் கனத்துக்குப் பரப்பி, தண்டிலிருந்து நாலு விரல் தள்ளி வையுங்கள். களியில் மூடாக்கு கட்டாயம். கோடை வெடிப்பு இளவேர்களை அறுத்துவிடும், மூடாக்கு இருந்தால் வெடிப்பு குறையும். சருகைக் கூட்டி எரிக்கும் வழக்கத்தை இந்தக் கொல்லையில் நிறுத்திவிடுங்கள்.

தண்ணீர் ஊற்றும் முன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரமிருக்கும், அப்படியானால் இன்றைக்கு வேண்டாம். ஊற்றும்போது மெல்ல, நிறைய ஊற்றுங்கள். நிழலில் இருக்கும் களிக்கு தினம் ஒரு சொம்பு ஊற்றுவதுதான் பெரிய கெடுதல்.

முதல் வருஷம் ஐந்தாறு வகைக்கு மேல் போகாதீர்கள். வல்லாரை, சேம்பு, ஆடாதோடை, நாகமல்லி, நிலவேம்பு, ஒரு மேட்டுப்பாத்தியில் கனகாம்பரம். எது எந்த மூலையில் நிற்கிறது என்பதை அந்த மழைக்காலம் காட்டிவிடும்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் இந்தப் பகுதியில் எத்தனையோ கொல்லைகளின் தென்னைகள் ஒரே இரவில் சாய்ந்தன. நிழலை மட்டுமே நம்பிய செடிகள் மறுவாரமே வெயிலில் வெளுத்தன. ஆடாதோடையும் நொச்சியும் அப்படியே நின்றன. அதனால்தான் இப்போதும் என் கொல்லையில் பாதி இடத்தை வெயிலும் தாங்கும் செடிகளுக்கே வைத்திருக்கிறேன். மீதிப் பாதியில் ஒரு தென்னங்கன்றும் ஒரு புங்கங்கன்றும் வளர்ந்துகொண்டிருக்கின்றன, இன்னும் பத்து வருஷத்தில் அங்கே நிழல் வந்துவிடும்.